மனநல நெருக்கடியில் இருப்பவர் முன் காவலர் எப்படி நிற்க வேண்டும்

மனநோயின் உச்சத்தில் தவிக்கும் ஒருவருக்காக அவசர எண்ணை அழைக்கும் குடும்பம் மருத்துவ உதவியை எதிர்பார்த்தே அழைக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் வாசலில் முதலில் வந்து நிற்பவர் காவலர்தான். நள்ளிரவில் வீடு தேடி வருகிற மனநல மருத்துவர் கிடைப்பது அரிது. ஆம்புலன்ஸ் ஊழியர்களும், நோயாளி மூர்க்கமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டால், போலீஸ் வரட்டும் என்று தெருமுனையிலேயே காத்திருப்பார்கள். குற்றம் எதுவும் நடக்காத ஒரு வீட்டுக்குள் குற்றவாளிகளைப் பிடித்துப் பழகிய ஒருவர் நுழைகிறார். அடுத்த சில நிமிடங்களில் அவர் எங்கே நிற்கிறார், எந்தக் குரலில் பேசுகிறார், கையை எங்கே வைத்திருக்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அந்த இரவு மருத்துவமனையில் முடியுமா, லாக்கப்பில் முடியுமா, பிணவறையில் முடியுமா என்பது தீர்மானமாகிறது.

என் தம்பிக்கு இளம் வயதிலேயே மனச்சிதைவு நோய் வந்தது. மருந்து ஒத்துக்கொண்ட நீண்ட காலங்களும், அது கைவிட்ட சில இரவுகளும் எங்கள் குடும்ப வாழ்வில் உண்டு. அந்த இரவுகளில் பலவிதமான காவலர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனாலேயே இந்த விஷயம் குறித்துச் சட்டங்களையும் பயிற்சி முறைகளையும் ஆய்வுகளையும் தேடித் தேடிப் படித்தேன். படித்ததும் பட்டதும் சேர்ந்து என்னை ஒரே முடிவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன: அந்த இடத்தில் காவலருடைய முதல் வேலை அவகாசம் உண்டாக்குவது, அடக்குவது கடைசியில்தான் வர வேண்டும். அந்த அவகாசத்தைத் தன் காவலருக்குக் கொடுக்கும் மனம் அவருடைய துறைக்கு இருக்க வேண்டும்.

காவல் பயிற்சியின் அடிப்படை என்ன என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதிகாரக் குரலில் உத்தரவிடு, தயங்காமல் நெருங்கு, நிலைமையை விரைவாகக் கட்டுக்குள் கொண்டுவா என்பதே அது. கடை ஷட்டரை உடைத்துக்கொண்டிருக்கும் திருடனிடம் இது பலிக்கும். ஓடினால் என்ன ஆகும், நின்றால் என்ன ஆகும் என்று அவன் கணக்குப் போடுகிறான். காவலரின் மிடுக்கு அந்தக் கணக்கைச் சரணடைவதன் பக்கம் சாய்த்துவிடுகிறது. ஆனால் காதுக்குள் குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவரால் அந்தக் கணக்கைப் போட முடியாது. தன்னைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள் என்று மூன்று நாட்களாக உறங்காமல் அஞ்சிக்கொண்டிருந்தவர் முன்னால் ஆயுதம் தரித்த இருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால், அவருடைய அச்சத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டியதில்லை. "கீழே போடு, கீழே போடு" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தும்போது, ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் குரல்களோடு இன்னும் இரண்டு குரல்கள் சேர்கின்றன. எந்தக் குரல் அறையில் இருக்கிறது, எது தலைக்குள் இருக்கிறது என்று பிரித்தறிய அவருக்கு நேரம் வேண்டும். அந்தத் தாமதத்தைக் காவலர் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்கிறார். கீழ்ப்படியாதவரிடம் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சி சொல்லியிருக்கிறதோ அதைச் செய்கிறார்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1987-இல் நடந்தது இதுதான். மனநோய் வரலாறு கொண்ட 27 வயது இளைஞர் ஒருவர் கத்தியால் தன்னையே காயப்படுத்திக்கொண்டு, சாகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்த காவலர்கள் கத்தியைப் போடச் சொன்னார்கள். அவர் மேலும் பதற்றமடைந்து அவர்கள் பக்கம் பாய்ந்தபோது சுட்டுக் கொன்றார்கள். நகரம் கொந்தளித்தது. அதன் விளைவாக 1988-இல் காவல் துறை, மனநோயாளிகளின் குடும்பத்தினர், பல்கலைக்கழகத்தினர், மருத்துவர்கள் ஆகியோர் ஒன்றுகூடி நெருக்கடி நேரத் தலையீட்டுக் குழு என்ற முறையை உருவாக்கினார்கள். ரோந்துப் பணியிலிருக்கும் காவலர்களில் விருப்பமும் பக்குவமும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, 40 மணி நேரப் பயிற்சி கொடுத்து, மனநல அழைப்பு வரும்போதெல்லாம் அவர்களையே முதலில் அனுப்புவது அந்த முறை. பயிற்சியில் மருத்துவர்களின் வகுப்புகள் உண்டு; அதைவிட முக்கியமாக, நோயோடு வாழ்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் காவலர்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதும் உண்டு. "மெம்ஃபிஸ் மாதிரி" என்ற பெயரில் அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த மாதிரியைப் பற்றி எனக்கு மதிப்பு உண்டு. மிகையான நம்பிக்கை இல்லை. பயிற்சி பெற்ற காவலர்களுக்கு நோயைப் பற்றிய அறிவும் மனப்பாங்கும் மேம்படுகின்றன என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் பலப்பிரயோகமும் காயங்களும் குறைகின்றனவா என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகள் ஒருமித்தவையாக இல்லை. காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. மெம்ஃபிஸில் அந்த வகுப்பறைக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருந்தது: காவலர் அழைத்துவரும் நோயாளியை மருத்துவமனை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும், காவலரை நெடுநேரம் காக்கவைக்காது. வகுப்பை மட்டும் இறக்குமதி செய்து, அந்த மருத்துவமனைக் கதவை விட்டுவிட்ட ஊர்களில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இனி, அந்த அறைக்குள் காவலர் செய்ய வேண்டியவை. சைரனை வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்திவிட வேண்டும். சுழல் விளக்கையும் அணைத்துவிடலாம். வாக்கி-டாக்கியின் ஒலியைக் குறைக்க வேண்டும். அதிலிருந்து திடீரென வெடித்து வரும் குரல், குரல்களால் துன்புறுபவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும். வந்திருப்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். மற்றவர்கள் கூட்டத்தை விலக்கலாம், வாசலைப் பார்த்துக்கொள்ளலாம், குடும்பத்தாரிடம் தகவல் கேட்கலாம். பேசுபவர் தன் பெயரைச் சொல்லி, எதற்காக வந்திருக்கிறார் என்று சொல்லி, எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்க வேண்டும். கைகள் திறந்தபடி தெரிய வேண்டும். நேருக்கு நேர் மறித்து நிற்காமல் சற்றுச் சாய்வாக, வெளியேறும் வழியை அடைக்காமல் நிற்க வேண்டும். தப்பிக்க வழியில்லை என்று உணர்பவர்தான் பாய்கிறார். வாக்கியங்கள் சிறியவையாக இருக்க வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு, விடை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றிலும் கடினம் என்று நினைக்கிறேன். அரை நிமிட மௌனம்கூட அதிகாரத்தில் இருப்பவருக்குத் தோல்விபோலத் தோன்றும். உள்ளே சிதறிக் கிடக்கும் சொற்களைத் திரட்டிக்கொண்டிருப்பவருக்கோ அது போதாது.

இதைச் சரியாகச் செய்த ஒருவரை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். தம்பி சமையலறை மூலையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கையில் கத்தரிக்கோலுடன் நின்றிருந்தான். குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரத்துக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அன்று அவனுடைய துன்பம். வந்த இரு காவலர்களில் இளையவர் குரலை உயர்த்தத் தொடங்கியதுமே, மூத்தவர் அவருடைய முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சமையலறைக்குள் நுழையாமல், வாசற்படிக்கு இப்பால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, நான் உங்களைப் பிடிச்சிட்டுப் போக வரலை. அக்கா கூப்பிட்டாங்க, அதான் வந்தேன்" என்றார். தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கேக்குதா உங்களுக்கு?" என்றான். "எனக்குக் கேக்கல. ஆனா உங்களுக்குக் கேக்குதுங்கறதை நம்பறேன். ராத்திரி முழுக்கக் கேட்டா யாருக்கும் பயமாத்தான் இருக்கும்" என்றார் அவர். அதன்பின் என் பக்கம் திரும்பி, அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொன்னார். ரீங்காரம் நின்றது. தம்பியின் தோள்கள் சற்றே தாழ்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கத்தரிக்கோல் உடனே கீழே இறங்கிவிடவில்லை; அதற்கு இன்னும் நிறைய நேரம் ஆனது. இடையில் அவர் கேட்டவை: கடைசியாக எப்போது தூங்கினீர்கள், சாப்பிட்டீர்களா, இதற்கு முன் இப்படி வந்தபோது எது உதவியாக இருந்தது. கடைசியில் தம்பி அதை ஜன்னல் விளிம்பில் வைத்தான். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவன் கையில் விலங்கு இல்லை.

அந்தக் காவலர் செய்தவற்றில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் தம்பியின் பிரமையை மறுத்து வாதாடவும் இல்லை, தனக்கும் கேட்கிறது என்று பொய் சொல்லவும் இல்லை. வாதாடினால் எதிரி ஆகிவிடுவோம்; பொய் சொன்னால், தெளிந்த பிறகு அந்தப் பொய் நினைவில் இருக்கும், அடுத்த முறை எந்தச் சீருடையையும் அவர் நம்ப மாட்டார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உண்மை, அந்தப் பயம்தான். பயத்தை ஒப்புக்கொள்ள யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பிளக். ரீங்காரம் உண்மையிலேயே இருந்தது, அதை நிறுத்த முடிந்தது, நிறுத்தினார். கோரிக்கைகளில் நிறைவேற்றக் கூடியவற்றை உடனே நிறைவேற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

வேறொரு சமயம் வேறு ஆட்கள் வந்தார்கள். அன்று தம்பி கையில் ஆயுதம் எதுவும் இல்லை, தெருவில் நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அவனைக் கீழே தள்ளி, விலங்கிட்டு, வண்டியில் ஏற்றி, விடியும்வரை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் இருந்த காயம் சில வாரங்களில் ஆறியது. ஆனால் அதன்பிறகு நெடுங்காலம் அவன் மருத்துவமனைக்கு வரவே மறுத்தான்; ஏனென்றால் அவனைப் பொறுத்தவரை சிகிச்சை என்பது அந்த வண்டியில் தொடங்கும் ஒன்றாகிவிட்டது. நிலையத்தின் பதிவேட்டில் அந்த அழைப்பு சில நிமிடங்களில் "முடித்துவைக்கப்பட்ட" அழைப்பாக இருந்திருக்கும்.

தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரிடம் பேசும்போது, அந்தச் சொல்லையே எடுக்கக் கூடாது என்று பல காவலர்கள் நினைக்கிறார்கள். தவறு. "உயிரை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேரடியாக, பதறாமல் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. யாரோ ஒருவர் அதைக் கேட்கும் துணிவோடு இருக்கிறார் என்பதே பலருக்கு ஆறுதல். "குடும்பத்தை நினைத்துப் பார்", "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" போன்ற அறிவுரைகளை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். குடும்பத்துக்குத் தான் ஒரு சுமை என்று எண்ணித்தான் அவர் அந்த இடத்துக்கு வந்திருக்கக் கூடும்.

சில நேரங்களில் பிடித்து நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வரும். அதை மறுப்பது நேர்மையாகாது. அப்போது காவலர் அறிந்திருக்க வேண்டிய உடலியல் உண்மை ஒன்று உண்டு: குப்புறக் கிடத்தி, முதுகிலோ கழுத்திலோ எடையை வைத்து அழுத்தினால் மார்புக்கூடு விரிய முடியாமல் மூச்சு தடைப்படும். ஏற்கெனவே ஓடி, போராடி, களைத்த உடலுக்குக் காற்று இரட்டிப்பாகத் தேவைப்படும் நேரம் அது. மூச்சுக்காக அவர் நெளிவதை எதிர்ப்பு என்று எண்ணி இன்னும் அழுத்துகிறார்கள். விலங்கிட்டவுடன் குப்புறக் கிடப்பவரைப் புரட்டிவிட வேண்டும் என்று அமெரிக்க நீதித் துறை 1995-ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. அப்படி இருந்தும் இந்த வகைச் சாவுகள் நிற்கவில்லை. அவற்றில் பலவற்றுக்கு "மிகைக்கிளர்ச்சிச் சன்னி" (கட்டுமீறிய பதற்றமும் குழப்பமும்) என்றொரு காரணத்தை எழுதி, இறந்தவருடைய உடலே அவரைக் கொன்றது என்பதுபோலக் கோப்புகளை மூடினார்கள். சாவின் காரணத்தைத் தீர்மானிக்கும் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவப் பரிசோதகர் சங்கம் 2023-இல் அதைச் சாவுக்கான காரணமாக ஏற்க மறுத்தது. அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பு, அந்தக் கருத்துக்கு வலுச்சேர்த்த தன்னுடைய 2009 அறிக்கையை அதே ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கலிபோர்னியா மாநிலம் அதைச் சாவுக்குக் காரணமாகக் குறிப்பிடுவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது வேதனைக்குரியது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. மனநோய்போலத் தோன்றுவதெல்லாம் மனநோய் இல்லை. சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோன நீரிழிவு நோயாளி உளறுவார், தள்ளாடுவார், சில சமயம் அடிக்கவும் கை ஓங்குவார். வலிப்பு வந்து தெளியும் இடைவெளியில் இருப்பவர், பிடிக்க வருபவரை உதறித் தள்ளுவார். அவருக்கு அது நினைவிலும் இருக்காது. தலையில் அடிபட்டவர், கடுங்காய்ச்சலில் சன்னி கண்டவர், பழகிய மதுவைத் திடீரென நிறுத்தியவர், வீட்டுக்கு வழி மறந்த மறதிநோய் முதியவர், தொடுதலையும் இரைச்சலையும் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள இளைஞர் என்று எல்லோரும் காவலர் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியக் கூடும். நோயைக் கண்டுபிடிப்பது காவலருடைய வேலை இல்லை. உடல்நலக் காரணம் இருக்கலாம் என்ற ஐயத்தோடு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது அவருடைய வேலை.

சட்டங்கள் இந்த விஷயத்தில் நடைமுறையைவிட முன்னால் போய்விட்டன என்றே சொல்வேன். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் திரிபவரையோ, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையோ பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது. எதற்காக அழைத்துப் போகிறோம் என்பதை அவருக்கோ, அவரால் புரிந்துகொள்ள இயலாவிட்டால் அவர் சார்பில் இருப்பவருக்கோ தெரிவிக்க வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்; எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. "எந்தச் சூழ்நிலையிலும்" என்பதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் பேச முடியாது. அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், மறுதலையாக நிரூபிக்கப்பட்டாலொழிய அவர்மீது வழக்கு நடத்தவோ அவரைத் தண்டிக்கவோ கூடாது என்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1983 மனநலச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு, பொது இடத்தில் நெருக்கடியில் இருப்பவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் அதிகாரத்தைக் காவலருக்கு அளிக்கிறது. அங்கே முன்பு 72 மணி நேரம்வரை தடுத்துவைக்கலாம். 2017-இல் வந்த திருத்தம் அதை 24 மணி நேரமாகக் குறைத்தது, 18 வயது நிரம்பாதவர்களைக் காவல் நிலையத்தில் வைப்பதை முற்றாகத் தடுத்தது, முடிந்தவரை மருத்துவப் பணியாளர் ஒருவரைக் கலந்து பேசிய பிறகே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றது. தன் நாட்டின் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாத காவலர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவர்களை நான் முதலில் குற்றம் சொல்ல மாட்டேன். அதைப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கமாகக்கூட வைக்காதவர்களைச் சொல்வேன்.

காவலரே போக வேண்டுமா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது. ஆயுதம் இல்லாத, வன்முறை இல்லாத அழைப்புகளுக்கு வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989-இல் தொடங்கிய கஹூட்ஸ் திட்டத்தில், ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு நெருக்கடி ஆலோசகரும் ஆயுதமின்றி ஒரு வேனில் போனார்கள். ஸ்டாக்ஹோமில் 2015-இல் மனநலச் செவிலியர்கள் செல்லும் தனி ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. டென்வர் நகரில் 2020 ஜூனில் தொடங்கிய ஸ்டார் திட்டம், மனநலப் பணியாளரையும் அவசர மருத்துவப் பணியாளரையும் அனுப்பியது. முதல் ஆறு மாதங்களில் அது செயல்பட்ட பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 விழுக்காடு குறைந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் கஹூட்ஸ், மூன்றரைப் பத்தாண்டுகள் ஓடி, நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் யூஜீனில் தன் சேவையை நிறுத்தியது. நல்ல பெயர் மட்டும் இருந்தால் போதாது, ஆண்டுதோறும் ஒதுக்கீடு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதில் என்னைக் கவலைப்படுத்தும் எதிர்ப்பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் ஹம்பர்சைடு காவல் துறை 2020-இல் கொண்டுவந்த ஒரு நடைமுறை, உடனடி உயிராபத்தோ குற்றமோ இல்லாத மனநல அழைப்புகளை மருத்துவத் துறையிடம் விட்டுவிடச் சொல்கிறது. லண்டன் பெருநகரக் காவல் துறையும் 2023-இல் அந்த வழிக்கு வந்தது. கொள்கையளவில் இதை நான் ஏற்கிறேன். ஆனால் போலீஸ் பின்வாங்கிய இடத்துக்கு மருத்துவத் துறை வந்து சேராவிட்டால், நடுவில் நிற்பது அந்தக் குடும்பம் மட்டுமே. வரிசை முக்கியம்: முதலில் மாற்று ஏற்பாடு தயாராக வேண்டும், பிறகே காவலர் விலக வேண்டும்.

காவலருடைய பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இதை எழுதினால், எந்தக் காவலரும் இரண்டாவது பத்தியைத் தாண்டிப் படிக்க மாட்டார். கத்தியோடு இருப்பவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ 1.5 நொடியில் கடந்துவிடுவார் என்று சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்க்கத் தேவைப்படும் நேரமும் ஏறத்தாழ அதுவே. அந்தக் கணக்கு பயிற்சிக் களங்களில் காலப்போக்கில், அந்தத் தூரத்துக்குள் கத்தி இருந்தால் சுடலாம் என்ற விதியைப்போலச் சுருங்கிவிட்டது. அதே கணக்கை வேறு விதமாகவும் படிக்கலாம்: 21 அடி போதாது, ஆகவே பின்வாங்கு, மேசையையோ வண்டியின் கதவையோ இடையில் வைத்துக்கொள், பூட்டிய அறைக்குள் இருப்பவர் தன்னைத் தவிர வேறு யாருக்கும் ஆபத்தில்லை என்றால் கதவை உடைக்காதே. தூரமும் தடுப்பும் இருந்தால் முடிவெடுக்க நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால் பேச முடியும். பின்வாங்குவதை அவமானம் என்று கற்பிக்கும் துறை, தன் காவலரையும் ஆபத்தில்தான் தள்ளுகிறது.

இது காவலருக்கும் நல்லது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கக் காவல் நிர்வாகிகளின் ஆய்வு அமைப்பு ஒன்று 2016-இல் உருவாக்கிய பயிற்சி, இந்தத் தூரம், தடுப்பு, பேச்சு மூன்றையும் ஒன்றாகக் கற்பிக்கிறது. லூயிவில் நகரக் காவல் துறையில் அதை ஆராய்ந்தபோது, பலப்பிரயோகம் 28 விழுக்காடும், பொதுமக்கள் காயமடைவது 26 விழுக்காடும், காவலர்கள் காயமடைவது 36 விழுக்காடும் குறைந்திருந்தன. மூன்றில் மிக அதிகமாகக் குறைந்தது காவலருடைய காயம். மென்மையாக நடந்துகொண்டால் போலீஸ்காரன் உயிர் போகும் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, காவலர் ஒருவர் தனியாக மெதுவாக நடந்துகொள்ள முடியாது என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன். அவர் ஒரு சமையலறை வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது, கட்டுப்பாட்டு அறை அடுத்த அழைப்புக்கு அவரைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் எத்தனை அழைப்புகளை முடித்தார் என்பதே அவருடைய திறமைக்கு அளவுகோலாக இருந்தால், அந்த இரண்டு மணி நேரம் அவருக்குக் குறையாகவே பதிவாகும். பலப்பிரயோகம் இன்றி முடிந்த மனநல அழைப்பு எத்தனை, நோயாளி மருத்துவமனைக்கு விலங்கின்றிப் போய்ச் சேர்ந்தது எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், நடத்தை தானாகவே மாறும். மருத்துவமனையிலும் அப்படியே. வரிசையில் நான்கு மணி நேரம் நிற்கவேண்டியிருக்கும் காவலருக்கு, ஏதாவது ஒரு சிறு குற்றப் பிரிவைப் போட்டு லாக்கப்பில் வைப்பது எளிதாகிவிடுகிறது. அந்த எளிமையைப் பறிக்க வேண்டுமானால் மருத்துவமனைக் கதவு சீக்கிரம் திறக்க வேண்டும்.

அழைப்பை எடுப்பவருடைய பங்கும் பெரிது. "ஒருவர் கத்தியோடு வெறிபிடித்து நிற்கிறார்" என்று வாக்கி-டாக்கியில் கேட்டுவிட்டு வரும் காவலருக்கும், "மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், மூன்று நாளாகத் தூங்கவில்லை, சமையலறையில் தனியாக இருக்கிறார், கையில் சிறு கத்தரிக்கோல், யாரையும் தாக்கவில்லை" என்று கேட்டுவிட்டு வருபவருக்கும் இதயத்துடிப்பே வேறாக இருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா, யாருடைய பேச்சை அவர் கேட்பார், எதைக் கண்டால் அஞ்சுவார் என்ற நான்கைந்து கேள்விகளைக் கேட்கக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குப் பயிற்சி தருவது, நூறு காவலர்களுக்குப் பயிற்சி தருவதைவிட மலிவானது. சில இரவுகளில் அதைவிடப் பயனுள்ளதும்கூட.

குடும்பங்கள் செய்யக் கூடியதும் ஒன்று இருக்கிறது. தெளிந்திருக்கும் காலத்தில் நோயாளியிடமே உட்கார்ந்து கேட்டு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வைத்துக்கொள்வது. எங்கள் தம்பி தன் தாளில் எழுதியிருப்பவை: எனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும், செருப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது, அக்கா பக்கத்தில் இருந்தால் ஊசி போட்டுக்கொள்வேன். அத்துடன் மருந்துகளின் பெயரும் அளவும், மருத்துவரின் எண்ணும். செருப்பைப் பற்றிய வரி எங்களுக்கே அதுவரை தெரியாது. இத்தகைய குறிப்பை ஒப்புதலோடு முகவரியுடன் இணைத்து, அழைப்பு வரும் நொடியில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் காட்டும் வசதி சில நாடுகளில் இருக்கிறது. எல்லா இடங்களிலும் அது வர வேண்டும் என்று விரும்புகிறேன், இரண்டு நிபந்தனைகளோடு: அந்தக் குறிப்பை மருத்துவ நெருக்கடிக்குத் தவிர வேறெந்த விசாரணைக்கும் பயன்படுத்தக் கூடாது, எழுதியவர் வேண்டாம் என்று சொன்ன அன்றே அதை அழித்துவிட வேண்டும்.